காலைக்கு நேரே ஒரு சுழி

திருமங்கலம் தாண்டிவிட்டது என்று பேச்சியம்மா அத்தை போனில் சொன்னபோது மணி ஒன்பது பத்து. அப்படியானால் ஒன்பதே முக்கால். வழியில் நெரிசல் இருந்தால் ஒன்பது ஐம்பது. அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில், தெற்கேயிருந்து வரும் பஸ்கள் நிற்கிற பக்கம், இரும்பு இருக்கையில் செண்பகவல்லி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். வினாத்தாள் கைக்கு வரும் வரை பரீட்சைக் கூடத்தில் அப்படித்தான் உட்காருவாள். அத்தை என்றால் ரத்தச் சொந்தம் இல்லை. ஒரே தெரு, அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவள், அதனால் அத்தை. அவளோடு வருவது அவள் மகள் மாரீஸ்வரி. திங்கட்கிழமை செண்பகத்தின் கல்லூரியிலேயே முதலாம் ஆண்டு சேர்கிறாள். செண்பகம் இருக்கும் மாடி அறையிலேயே தங்கப்போகிறாள். அவர்களோடு ஒரு சேலையும் வருகிறது. அதுதான், அந்தச் சேலைதான், நேற்றிலிருந்து அவள் நெஞ்சுக்குழியில் மடித்து வைத்தது போல இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்காம். ரெண்டு வருஷமா நம்ம புள்ளைக்குக் காலைப் பலகாரம் போடுத மகராசி, அவ முன்னால வெறுங்கையோட போய் நிக்க முடியுமா என்று அத்தை கேட்டிருந்தாள். மகராசி அகிலாண்டம்மாள் இந்த இரண்டு வருஷத்தில் செண்பகத்தின் கையில் கொடுத்தது ஒரே ஒரு பொருள்தான். மாடிப்படி விளக்கு எரியாமல் போனபோது, ஏறி மாட்டச் சொல்லி ஒரு பல்பு.

பல்பு கொடுத்தாள் என்று சொல்லலாமா, சேலை வாங்கிக்கொள்ள அது போதுமா. சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு வயிற்றில் போய் இடிக்கிறது. பக்கத்துக் கடையில் பூரி போடுகிறான். எண்ணெயில் மாவு விழுந்ததும் எழுகிற அந்தச் சத்தம், அதற்குப் பின்னால் கிழங்கு மசாலாவின் வாசம், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பஸ்ஸின் டீசல் புகை. மூன்றையும் பிரித்துப் பிரித்து முகர முடிகிறது அவளால். பசித்திருக்கிறவளுக்கு மூக்கு கூர்மையாகிவிடும். இது இரண்டு வருஷத்தில் அவள் கற்ற பாடங்களில் ஒன்று, எந்தத் தாளிலும் கேட்கமாட்டார்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. காலையில் அரை பாட்டில், பத்தரைக்கு அரை பாட்டில். இப்போதே குடித்துவிட்டால் பத்தரைக்கு என்ன செய்வது. இன்றைக்குப் பத்தரை என்று ஒன்று வருமா. அதற்கு முன்னால் ஒன்பது ஐம்பது வரும்.

எல்லாம் அந்த டீக்கடை மேசையில் ஆரம்பித்தது. சேர்க்கைக்கு வந்த நாள். விடுதிக்கு வருஷத்துக்கான பணத்தை ஒரே தடவையில் கட்டச் சொன்னார்கள், அது முடியாது என்றானதும் வெளியே அறை பார்த்தார்கள், அகிலாண்டம்மாளின் மாடி கிடைத்தது, அப்புறம் டீக்கடை. அப்பா ஆவுடையப்பன் ஊரில் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். தராசில் அரிசி விழும்போது, இன்னும் எத்தனை மணி விழுந்தால் கிலோ ஆகும் என்பது அவர் கைக்குத் தெரியும். மெஸ்காரர்கள் வாசலில் கொடுத்த நோட்டீஸின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவை அவளிடம் கொடுத்து, எழுது என்றார். நான் மூவாயிரம் அனுப்புவேன், படிக்கிற பொம்பளப் புள்ளைகளுக்கு அரசாங்கம் மாசாமாசம் கணக்கில் போடுகிற ஆயிரம், ஆக நாலாயிரம் என்றார். அப்புறம் சொன்னார், கோபமே இல்லாமல், சீனி தீர்ந்துவிட்டது என்று கார்டுக்காரர்களிடம் சொல்கிற குரலில்: "அதுக்கு மேல ஒத்த ரூவா என்னால ஏலாது தாயி. பத்தாதுன்னா இப்பவே சொல்லிரு. மூணு மணிக்கு பஸ் இருக்கு." அவள் எழுதினாள். வாடகைப் பங்கு ஆயிரத்து ஐந்நூறு. மெஸ்ஸில் மதியமும் ராத்திரியும் ஆயிரத்து எண்ணூறு. கரண்ட், தண்ணீர் இருநூறு. போன் இருநூற்றைம்பது. சோப்பு, எண்ணெய் நூற்றைம்பது. நோட்டு, ஜெராக்ஸ் நூறு. காலை, ஒரு நாளைக்கு இருபது என்று வைத்தால் அறுநூறு. கூட்டினாள். நாலாயிரத்து அறுநூறு. மறுபடி கூட்டினாள், கீழேயிருந்து மேலே கூட்டினால் குறைந்துவிடும் என்பது போல. அப்பா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டேகால். அவ்வளவுதான். அவள் நினைக்கவில்லை, பேனாதான் போயிற்று. அறுநூறை அடித்துவிட்டு, காலைக்கு நேரே ஒரு சுழி போட்டது. சுழிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், வீட்டுக்கார அம்மா தருவார்கள். மெய்யாலுமா என்று அப்பா கேட்டார். நீங்க தண்ணித் தொட்டியைப் பார்க்கப் போனப்ப சொன்னாங்கப்பா என்றாள். அப்பா எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஊரை விட்டு ஊர் வந்தா இப்படியும் மனுஷங்க இருக்காங்க பாரு என்றார். அவர் சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு அதட்டல் போட்டிருந்தால் உண்மை வெளியே விழுந்திருக்கும். கண் சிவந்துவிட்டதே. கண் சிவந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது.

தூத்துக்குடி பஸ் ஒன்று வந்து மூச்சு விட்டு நின்றது. இல்லை, இது இல்லை. ஒன்பது இருபத்தொன்று. அடுத்த மாதமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம் என்ற இடத்தில் எண்ணம் போய் முள்ளில் சேலை மாட்டினாற்போல் நிற்கும், இழுத்தால் கிழியும், விட்டால் அங்கேயே ஆடும். அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அந்தக் கணக்கு ரேஷன் கடைச் சுவரில் இருந்தது. இருப்பு எழுதும் கரும்பலகைக்குப் பக்கத்தில், பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில், அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்தில். தலைப்பு கூட வைத்திருந்தார்: மதுரையில் ஒரு மாதம், ரூபாய் நாலாயிரம். வரிசையில் நிற்கிறவர்களுக்கு வேறு வேலை என்ன, ஒவ்வொருவரும் அதைப் படிப்பார்கள். சுழி வரும் இடத்தில் நின்று, யார் பெத்த புள்ளையோ அந்த வீட்டுக்காரி, நல்லா இருக்கட்டும் என்பார்கள். அப்பா எடையில் கண் வைத்தபடியே, உம்ம மவன் செல்போனுக்கு மட்டும் ஆயிரம் கேக்கானா, இங்கன வந்து வாசியும் வே என்பார். தெருப் பையன்களில் ஒருவன் அவளுக்குச் செய்தி அனுப்பினான், உன்னால எங்க வீட்டுல மாசக்காசைப் பாதியாக்கிட்டாங்க, நீ நல்லா இருப்பியா தாயே என்று. அதைப் படித்து அறைத்தோழி நிர்மலாவோடு சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் விலைகள் நகர்ந்தன. சுவரிலிருந்த தாள் நகரவில்லை. வாடகைப் பங்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது ஆயிற்று. மெஸ்ஸில் இரண்டு வேளைக்கு இரண்டாயிரத்து நானூறு ஆக்கினார்கள். இதை அப்பாவிடம் சொல்ல, ஒரு வரியை அடித்து இன்னொரு வரி எழுதச் சொல்ல, வாய் திறந்தபோதெல்லாம் அந்தச் சுழி அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. ஒரு வரியைத் தொட்டால் எல்லா வரியையும் அவர் தொடுவார். எடை போடுகிறவர், ஒரு பொட்டலத்தில் குறைந்தால் மூட்டையையே திரும்ப நிறுத்துப் பார்ப்பார். அதனால் அவள் மெஸ்ஸுக்குப் போய், இனி மதியம் மட்டும் போதும் என்றாள். ஆயிரத்து முந்நூறு. உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு எவ்வளவும் போடுவார்கள், ஆனால் எழுந்ததும் முடிந்தது. பார்சல் என்றால் அளவுதான், ஆனால் அதைப் பாதியாக்கலாம். அவள் பார்சல் வாங்கினாள். மதியம் பொட்டலத்தைப் பிரித்து, நடுவில் ஸ்பூனால் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ராத்திரி. சாம்பாரை ராத்திரிக்கு வைத்தால் புளித்துவிடும், ரசம் தாங்கும். மோரை மதியமே குடித்துவிட வேண்டும். இந்தக் கோடு போடுகிற வேலையில் அவளுக்கு இப்போது அப்பாவின் கை வந்துவிட்டது, பார்க்காமலே சரிபாதி விழும். ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் தூக்கம் இருக்கிறது, அது ஒரு வேளைச் சாப்பாடு. காலையில்தான் கஷ்டம். கீழே அகிலாண்டம்மாள் வீட்டில் தோசைக்கல் காயும், மாவு ஊற்றும் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வரும். காலையில சாப்பிட்டா எனக்குக் குமட்டும் என்று நிர்மலாவிடம் சொல்லியிருக்கிறாள். நிர்மலா நம்பிவிட்டாள். எல்லோரும் நம்பிவிடுகிறார்கள், அதுதான் அவளுடைய துரதிர்ஷ்டம். போன நவம்பரில் வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டைக் கண்ணுக்கு நேரே வைத்து அளவைப் படிக்கையில், கோடுகள் இரண்டிரண்டாகி, நாலாகி, அப்புறம் கறுப்பு. விழித்தபோது ஆய்வக உதவியாளர் அக்கா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மாதவிலக்கு என்றாள் செண்பகம். அதையும் நம்பினார்கள்.

ஒன்பது முப்பத்து நான்கு. சரி. வழிகளைப் பார்ப்போம். முதல் வழி, அகிலாண்டம்மாளிடமே போய்க் கெஞ்சுவது. அம்மா, இன்றைக்கு ஒருநாள், ஆமாம் நான்தான் கொடுக்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிடுங்கள், ஒரு சேலை கிடைக்கும். நேற்று சாயங்காலம் இதைச் சொல்லப் படியிறங்கினாள். நாலாவது படியில் ஒரு தடவை, கடைசிப் படியில் ஒரு தடவை ஒத்திகை பார்த்தாள். அகிலாண்டம்மாள் கதவைத் திறந்து, என்ன, வாடகையா என்றாள். தண்ணி வரலம்மா என்றது செண்பகத்தின் வாய். மாடிக் குழாயைத் திறந்து பார்த்த அகிலாண்டம்மாள் மேல் எல்லாம் தண்ணீர் அடித்தது. அந்த வழி அத்தோடு அடைந்தது. இரண்டாவது வழி, அந்தம்மா கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள், போன மாதத்தோடு நிறுத்திவிட்டாள், முட்டுவலி என்று சொல்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். சோறே இல்லாத இடத்தில் கால் பூசணியை மறைப்பது. அப்பாவுக்கும் வலிக்காது, அறுநூறு மட்டும் கூடும், சேலையை வெற்றிலைத் தட்டோடு வாசலில் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடலாம். மூன்றாவது வழி. மூன்றாவது வழிக்கு வரும்போதெல்லாம் அவள் கண் பஸ்கள் வருகிற வளைவுக்குப் போகும்.

உண்மையைச் சொன்னால் மாரி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவாள். இதில் சந்தேகமே இல்லை. பேச்சியம்மா அத்தை தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள், புருஷன் இல்லை. மாசம் மூவாயிரத்துக்கு அவள் எப்படி வழி செய்தாள் என்பது தெருவுக்கே தெரியும். மூவாயிரம்தான் அவள் எல்லை, அதற்கு மேல் திருப்பூர். திருப்பூரில் மாரியின் மாமன் பனியன் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறான், எப்போ வேணும்னாலும் அனுப்பு என்று. சுவரில் அந்தத் தாள் இல்லாமல் இருந்தால் மாரி இந்நேரம் அங்கே இருந்திருப்பாள். அப்படியானால் அந்தத் தாள் நல்லது செய்ததா. ஒரு பொய் ஒருத்தியைக் கல்லூரி வரை கொண்டுவந்திருக்கிறதே. கொண்டுவந்து என்ன செய்யும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மாரி தலையைப் பின்னிக்கொண்டு, தட்டைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, மதினி, வீட்டுக்கார அம்மா நம்மளைக் கூப்பிடுவாங்களா நாமளே கீழே போகணுமா என்று கேட்பாள். செண்பகம் என்ன சொல்வாள். உட்காரு, தண்ணீர் குடி, சின்னச் சின்ன மடக்காகக் குடி, ஒரே மூச்சில் குடித்தால் பத்து மணிக்கே பசிக்கும். ஸ்பூனை இப்படிப் பிடி, கோட்டை இங்கே போடு. மாரிக்குப் பதினேழு வயசு. கோடு போட்டால் அந்தப் பிள்ளை கோட்டைத் தாண்டிவிடும், அப்புறம் ராத்திரி அழும். தாண்டாமல் இருக்கப் பழக்க வேண்டும். பழக்குவது யார். பழக்குவது நான். தன் வயிற்றை ஏமாற்றுவது ஒரு மாதிரி. அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது, யாருக்கும் தெரியாத ஒரு பெருமை கூட இருந்தது, இப்போது ஒத்துக்கொள்ளலாம், பெருமைதான். இன்னொருத்தியின் வயிற்றுக்கு அளவு போடுவது வேறு. அந்தச் சுழியைப் போட்டபோது அது என் தட்டு. இப்போது அதில் மாரியின் கை இருக்கிறது.

இரண்டாவது வழியே சரி. முட்டுவலி. அறுநூறை அத்தை எப்படியாவது புரட்டிவிடுவாள். அறுநூறு வந்தால் காலைக்கு இரண்டு இட்லி. மிச்சத்தை மாரி போகப் போகப் பழகிக்கொள்வாள், நானே பழகவில்லையா. நானே பழகவில்லையா என்று கேட்கிற குரல் யாருடையது. ஆய்வகத்தில் இரண்டிரண்டாகிய கோடுகள் பூரிக்கடைப் புகைக்குள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. இன்றைக்கு வேண்டாம், இங்கே விழக்கூடாது, இத்தனை பேர் நடுவில். பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தாள். கோவில்பட்டி என்று பலகை போட்ட பஸ் வளைவில் திரும்பியது.

பேச்சியம்மா அத்தை முதலில் இறங்கினாள், பின்பக்கமாக, குழந்தையை இறக்குவது போல இரண்டு பைகளை இறக்கிக்கொண்டு. பின்னாலேயே மாரி, தோளில் ஒன்று, கையில் ஒன்று, புதுச் செருப்பு. செண்பகத்தைப் பார்த்ததும் மாரியின் முகம் முழுக்கச் சிரிப்பு. அத்தை சிரிக்கவில்லை, கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"என்ன புள்ள இது, அரணைக்குப் பாவாடை கட்டுனாப்புல நிக்க. அந்த மகராசி என்னத்தத்தான் போடுதா உனக்கு?"

படிப்பு அத்தை என்றாள் செண்பகம். படிப்புன்னா படிப்பு, அது என்ன கறியா திங்குது என்றாள் அத்தை. அப்புறம் நேரத்தை வீணாக்காமல் காரியத்துக்கு வந்தாள். முதலில் வீட்டுக்கார அம்மாவைப் பார்த்துக் கும்பிட வேண்டும். சேலை பச்சையில் எடுத்திருக்கிறாள், வயசான அம்மாவுக்குப் பச்சை எடுபடுமா. கூடவே கருப்பட்டிச் சேவு ஒரு கிலோ. சேவு அண்ணன் செலவு, தனியாகக் காசு கொடுத்தனுப்பினார். அண்ணன் என்றால் அப்பா. டவுன் பஸ் நிற்கிற பக்கம் நடந்துகொண்டே இதெல்லாம் வந்துகொண்டிருந்தது, செண்பகம் ஒரு பையை வாங்கிக்கொண்டாள், பை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. இப்போது. இந்தத் தூண் தாண்டியதும். தூண் தாண்டியது. அடுத்த தூண்.

"அந்தம்மா இப்பல்லாம் காலையில தாறதில்ல அத்தை. முட்டுவலி."

அத்தை நின்றாள். பையைக் கீழே வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. தீப்பெட்டி ஆபீசில் எண்ணிக்கை போடும்போது அசைகிற மாதிரி. சரி, வெளிய வாங்கித் திங்க ஐநூறு அறுநூறு ஆகும் என்றாள். ஞாயித்துக்கிழமையும் ஆபீசுக்குப் போனா வந்துரும் என்றாள். ஞாயிற்றுக்கிழமையை அவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுத்துவிட்டாள், முந்தானையிலிருந்து சில்லறை எடுப்பது போல. அப்புறம் கேட்டாள்:

"மத்ததெல்லாம் அண்ணன் எழுதிப் போட்டதுதானே?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். செண்பகம் அத்தையைப் பார்க்காமல் மாரியைப் பார்த்தாள், அதுதான் தப்பு. மாரி சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள். அவள் கண் செண்பகத்தின் வாயிலேயே இருந்தது. சொல்லு மதினி, ஆமான்னு சொல்லு என்று அந்தக் கண் கேட்டது, தெரிந்தே கேட்டது. முட்டுவலி என்ற இடத்திலேயே இந்தப் பிள்ளை ஏதோ கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்தும் ஆமாம் கேட்கிறாள், எதைக் கொடுத்தும் வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறாள். அன்றைக்குச் சுவர்க்கடிகாரத்தில் இரண்டேகால். டீக்கடை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று செண்பகத்துக்கு இதுவரை தெரியாது. இப்போது தெரிந்தது. அப்பா ஏன் இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்.

"இல்ல அத்தை. எதுவுமே அது இல்ல."

அதற்கப்புறம் நின்று நின்று வரவில்லை, மூட்டை வாய் அவிழ்ந்த மாதிரி கொட்டியது. முட்டுவலி இல்லை, அந்தம்மா என்றைக்குமே கொடுத்ததில்லை. வாடகை இவ்வளவு, மெஸ் இவ்வளவு, மூன்று வேளையும் மனுஷி மாதிரிச் சாப்பிட்டால் ஐயாயிரத்து எழுநூறு. அப்போ நீ என்ன செய்த என்று அத்தை கேட்டாள். ஒரு பார்சலை ரெண்டாக்குவேன் என்றாள். காலையில? தண்ணி குடிப்பேன். அத்தை அருகிலிருந்த திண்டில் உட்கார்ந்தாள். மடியில் சேலைப் பை. ஒரு டவுன் பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயிற்று. மாரி உட்காரவில்லை. அவள் மெதுவாக, அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"நீங்க மட்டும் அந்தத் தண்ணியைக் குடிச்சுப் படிக்கலாம். நான் குடிக்கக் கூடாது. என்ன மதினி?"

இதற்குச் செண்பகம் தயாராக வரவில்லை. எல்லாக் கேள்விக்கும் யோசித்தவள் இதற்கு யோசிக்கவில்லை. வாயை மூடு புள்ள என்று அத்தைதான் மகளை அதட்டினாள். பிறகு, அந்தம்மா மாடியில் அடுப்பு வைக்க விடுவாளா என்று கேட்டாள். விடமாட்டாள், முதல் நாளே சொன்னாள். ஏன் விடமாட்டாளாம். கரி பிடிக்கும், சுவர் கெடும். அத்தை பையிலிருந்து சேலையை வெளியே எடுத்து, மடிப்பு கலையாமல் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"குடுக்காதவளுக்கு எதுக்கு நன்றி சொல்ல. இதைக் குடுத்துக் கேட்கத்தான் போறேன். கரண்டு அடுப்பு ஒண்ணு, கரி பிடிக்காது. அரிசி பருப்பு ஊர்லருந்து வரும். ரெண்டு பேரும் பொங்கித் தின்னுங்க. ஒத்துக்கிட்டான்னா இவ இருக்கட்டும். மாட்டேன்னா ஒரு மணி பஸ்ல இவளைக் கூட்டிட்டுப் போயிருவேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

மாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அகிலாண்டம்மாள் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்றே செண்பகத்துக்குத் தோன்றியது. பச்சைச் சேலைக்காக மாடிச்சுவரை விடுகிறவள் இல்லை. ஆனாலும் யாருக்குத் தெரியும். அத்தை எழுந்திருக்கவில்லை. அதுக்கு முன்னாடி ஒரு காரியம் இருக்கு, உன் போனை எடு என்றாள். அண்ணன்கிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா அவருக்கு அவமானம். நீ சொன்னா வருத்தம்தான்.

செண்பகம் அப்பாவை அழைத்தாள். மணி அடித்தது. இரண்டு, மூன்று. அப்பா எடுத்தார். பின்னால் கடை இரைச்சல், யாரோ மண்ணெண்ணெய் எப்போ வரும் என்று கேட்கிறார்கள். வந்து சேர்ந்துட்டாங்களா தாயி, அந்தம்மாவைப் பார்த்தாச்சா என்றார். குரலில் அத்தனை வெளிச்சம். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்துப் பேசுகிற குரல். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா, ஒரு கணக்கு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க என்றாள். என்ன கணக்கு. நெசமா உள்ள கணக்கு. அப்பா என்னவோ புரிந்துகொண்டார், அல்லது புரியாமலே பேனாவை எடுத்தார். வாடகை ஆயிரத்து எழுநூற்றைம்பது என்றாள். ம் என்றார். கரண்ட், தண்ணி முந்நூறு. ம். போன் முந்நூறு. ம். சோப்பு நூற்றைம்பது. நோட்டு இருநூறு. ம். காலைக்கு அறுநூறு, அந்தம்மா தரலப்பா, ஒருநாளும் தரல. ம் வரவில்லை. கடை இரைச்சல் மட்டும் வந்தது. அவள் நிறுத்தினால் இனி ஆரம்பிக்க முடியாது, அதனால் நிறுத்தாமல் சொன்னாள், மெஸ் ரெண்டு வேளைக்கு ரெண்டாயிரத்து நானூறு, நான் ஒரு வேளைக்குத்தான் கட்டுதேன்.

"ராத்திரியுமா?"

ஆமாப்பா. போன் காதில் சுட்டது. மாரி இப்போது திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம், தராசுத் தட்டில் எதையோ பாதியில் வைத்த சத்தம். ஏ ஆவுடை, போடும்வே, எத்தனை நேரம் நிக்க என்று யாரோ கேட்டார்கள். முப்பது வருஷமாக வரிசையை ஒரு நிமிஷம் காக்க வைக்காத மனிதர், அவளிடம் பேசாமல் அவர்களிடம் சொன்னார், கொஞ்சம் பொறுங்க, எம்புள்ளகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன் என்று. அப்புறம் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை.

"எத்தனை மாசமா?"

அவள் சொன்னாள்.